டர்பனிலிருந்து ஒரு நாவலாசிரியைக்கு அன்பு காட்டுவது எப்படி?

கேள்வி: டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து தமிழ்க் காதல் நாவல்கள் படிக்கிறோம். பாதிப் பேருக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. எங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் கோயம்புத்தூர்க்காரர். இணையத்தில் வாசகிகளோடு சொந்த அக்கா மாதிரி பேசுகிறார். அவருக்குப் பரிசு அனுப்பவும், எல்லோரும் சேர்ந்து ஒருமுறை பேசவும், முடிந்தால் டர்பனுக்கே அழைக்கவும் ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: பரிசுப் பொட்டலத்திலிருந்து தொடங்காதீர்கள். ஆசையாக ஆரம்பித்து மனத்தாங்கலில் முடிவது பெரும்பாலும் அதுதான். முன்பெல்லாம் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குப் போகும் பரிசில் 5,000 ரூபாய் மதிப்பு வரை சுங்கவரி இல்லை. 2019 டிசம்பரில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் ஜூலு மணிமாலை, ரூய்போஸ் தேயிலை, கைவேலைப் பை என்று பார்த்துப் பார்த்துக் கட்டி அனுப்பினால், அந்த அம்மா வரி கட்டித்தான் அதை வாங்க வேண்டும். வாங்காமல் விட்டால் உங்களுக்கு வருத்தம், வாங்கினால் அவருக்குச் செலவு. மதிப்பைக் குறைத்து எழுதி அனுப்பலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். சந்தேகம் வந்தால் சுங்கத்தில் பிரித்துப் பார்த்து நிறுத்தி வைப்பார்கள், பிறகு விளக்கம் கொடுக்க அலைவதும் அவர்தான்.

அதைவிடப் பெரிய சங்கடம் முகவரி. தமிழில் காதல் நாவல் எழுதும் பெண்கள் பலர் புனைபெயரில் எழுதுகிறார்கள். சிலர் எழுதுவது அவர்கள் வீட்டிலேயே எல்லோருக்கும் தெரியாது. 'அட்ரஸ் கொடுங்கக்கா, ஒரு சர்ப்ரைஸ்' என்று கேட்டால், மறுக்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் தவிப்பார். கேட்பவர் மனத்தில் கள்ளம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அதே கேள்வியை அந்த வாரம் எத்தனை பேர் கேட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

பொருளுக்குப் பதிலாகக் கடிதம் அனுப்பலாம், அதற்கு வரி இல்லை. பன்னிரண்டு பேரும் ஆளுக்கு நாலு வரி கையால் எழுதுங்கள். தமிழ் எழுத வராதவர் பேசுகிற தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் போதும், அதில் ஒரு குறையும் இல்லை. அவருடைய பதிப்பகத்தின் முகவரிக்கு, உறையின் மேல் 'இன்னாருக்கு, பதிப்பகம் வழியாக' என்று எழுதி அனுப்புங்கள். சாதாரண விமானத் தபால் எப்போது போய்ச் சேரும் என்று நம்ப முடியாததால், ஒட்டுவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் பதில் இல்லையென்றால் படங்களை அனுப்பிவிடலாம். மணிமாலை கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஊருக்குப் போகும் யாரிடமாவது கொடுத்துப் பதிப்பகத்திலோ புத்தகக் காட்சி அரங்கிலோ சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

இனி அடிப்படையான விஷயம். அவர் உங்களோடு பழகுவது நடிப்பல்ல. பெரும்பாலும் வீட்டு வேலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர். வாசகியின் ஒரு வரிதான் அவருக்குக் கிடைக்கும் உடனடிக் கூலி. ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். முந்நூறு பேர் ஆளுக்கு ஒரு முறை 'சாப்டீங்களாக்கா?' என்று கேட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் பதில் சொன்னால் ஐந்து மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தில் இரண்டு எபி (எபிசோட், தொடரின் ஒரு பகுதி) எழுதியிருப்பார். வானொலி, தொலைக்காட்சி முகங்களோடு நேயருக்கு ஏற்படும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இலேயே எழுதினார்கள். இங்கே அது முழுக்க ஒருதலையும் இல்லை, எழுத்தாளர் பதில் சொல்கிறார், பெயர் நினைவு வைத்துக்கொள்கிறார். அதனால்தான் குழப்பம் கூடுகிறது. உங்களுக்கு ஒரே ஒரு அக்கா, அவருக்கு ஆயிரம் தங்கைகள். ஆகவே அவருடைய நேரத்தைத் தின்னாத அன்பாகத் தேடிப் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்டவை நிறையவே இருக்கின்றன.

முதலாவது கமெண்ட். இணையத்தில் தொடராக எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது, ஆனால் பெரும்பாலோர் அதை வீணடிக்கிறார்கள். 'நைஸ் யூடி' (யூடி என்றால் அப்டேட், புதிதாகப் போட்ட எபி), 'சூப்பர் சிஸ்', மூன்று இதயம், ஒரு ரோஜா. இதில் அவருக்குத் தெரிவது நீங்கள் வந்து போனீர்கள் என்பது மட்டும்தான். 'அடுத்த யூடி எப்போ?' என்பது அதைவிட மோசம். இரண்டாயிரம் வார்த்தை எழுதிப் பதிந்த ஐந்தாவது நிமிடத்தில் அதைப் படிக்கிறவர் நிலையை யோசித்துப் பாருங்கள். நல்ல கமெண்டுக்கு நாலைந்து வரி போதும். எந்த இடம் என்று சொல்லுங்கள், அந்த இடத்தில் உங்களுக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள், கதை எங்கே போகும் என்று ஓர் ஊகம் வையுங்கள். '14ஆம் எபியில் மாமியார் ஒன்றும் சொல்லாமல் காபியை நகர்த்தி வைத்தாரே, அவர் மனசு மாறிவிட்டது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. தம்பிக்கு உண்மை தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.' இவ்வளவுதான். தான் நுட்பமாக வைத்தது வாசகிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை அவர் இதிலிருந்துதான் அறிகிறார். ஊகம் தப்பாக இருந்தால் இன்னும் நல்லது, திருப்பம் பிடிபடவில்லை என்று அவருக்குத் தெம்பு வரும்.

செய்யக் கூடாததும் உண்டு. 'இரண்டாவது நாயகியைக் கொன்றுவிடுங்கள்', 'அவனை அவளோடு சேர்த்து வையுங்கள்' என்று கதைக்கு நீங்களே வழி சொல்லாதீர்கள். எழுத்தாளர் ஏற்கெனவே அதையே எழுதி வைத்திருந்தால், நாளைக்கு யாராவது 'அது என் ஐடியா' என்று கிளம்புவார்கள். அந்தப் பயத்தால் வாசகர் யோசனைகளைப் படிக்காமலே அழிக்கிறவர்கள் உண்டு. எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் பொதுவில் போடாமல் உள்பெட்டியில் எபி எண்ணோடு ஒரே பட்டியலாக அனுப்புங்கள். ர-ற, ல-ள-ழ, ன-ண மயக்கங்கள்தான் அதிகம் இருக்கும். கதை அச்சுக்குப் போகும்போது அந்தப் பட்டியல் தங்கம்.

நேரத்தையும் கவனியுங்கள். இந்தியா தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, வருஷம் முழுக்க அதே வித்தியாசம்தான். அங்கே இரவு ஒன்பதுக்கு யூடி வந்தால் இங்கே மாலை ஐந்தரை, குழம்பு அடுப்பில் இருக்கும். அவசரமாக ஒரு இதயம் போட்டுவிட்டு நகராமல், இரவு எட்டரைக்கு உட்கார்ந்து எழுதுங்கள். அங்கே நள்ளிரவு ஆகியிருக்கும், காலையில் எழுந்ததும் அவர் கண்ணில் படுவது உங்கள் நாலு வரிதான். இதையே உள்பெட்டியில் அனுப்பினால் போன் சத்தம் போட்டு வீட்டில் எல்லோரையும் எழுப்பும். இரவு நேரத்துக்குப் பொது கமெண்டே உத்தமம்.

இரண்டாவது, காசு சரியான வழியில் போய்ச் சேருவது. இங்கேதான் அன்பான வாசகிகளே அதிகக் கெடுதல் செய்கிறார்கள். பிடிஎஃப் விஷயத்தைச் சொல்கிறேன். தமிழ்க் காதல் நாவல்களின் வழக்கமான பாதை இது: முதலில் ஒரு தளத்தில் எபி எபியாக இலவசமாக வரும். முடிந்ததும் சில நாள் லிங்க் இருக்கும், பிறகு எடுத்துவிட்டு அமேசான் கிண்டிலில் போடுவார்கள், அல்லது அச்சுக்குக் கொடுப்பார்கள். எடுப்பது பேராசையால் அல்ல. கிண்டிலில் 'கேடிபி செலக்ட்' என்ற திட்டத்தில் சேர்ந்தால், 90 நாளுக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. முன்னோட்டமாகப் பத்து சதவீதம் வரை மட்டும் வெளியே வைக்கலாம். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் பக்கக் கணக்குக்குக் காசு வருவது இந்தத் திட்டத்தில் சேர்ந்தால்தான். இப்போது உங்கள் குழுவில் ஒருவர், 'பாவம், இவளால் வாங்க முடியாதே' என்று இரக்கப்பட்டு முழு நாவலையும் பிடிஎஃப் ஆக்கிப் போடுகிறார். அது டெலிகிராமுக்குப் போகிறது, அங்கிருந்து ஏதோ ஒரு தளத்துக்குப் போகிறது. அமேசானின் கண்ணில் பட்டால் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வருவது எழுத்தாளருக்கு. நூலைத் திட்டத்திலிருந்து நீக்கவும் செய்யலாம். திருடியது யாரோ, பதில் சொல்லுகிறவர் அவர். ஆகவே குழுவின் முதல் விதி, யாரும் எந்த பிடிஎஃபும் போடக் கூடாது, பழைய நாவலாக இருந்தாலும் கூடாது. வெளியே எங்காவது திருட்டுப் பிரதி கண்டால் லிங்கை மட்டும் எழுத்தாளருக்கு அனுப்பிவிட்டு ஒதுங்குங்கள். அந்தத் தளத்தில் போய்ச் சண்டை போட்டால் அதற்கு விளம்பரம்தான் ஆகும்.

நாம் வாங்குவதில் ஒரு சிறு சிக்கல். எழுத்தாளர் கொடுக்கும் லிங்க் அமேசானின் இந்தியக் கடைக்குப் போகும், அங்கே நம் கணக்கில் 'வாங்க' பொத்தான் வராது. பலர் இதோடு விட்டுவிட்டு பிடிஎஃப் தேடப் போகிறார்கள். அந்த லிங்கின் நடுவில் B0 என்று தொடங்கும் பத்து எழுத்துக் குறி ஒன்று இருக்கும். அதை மட்டும் நகலெடுத்து அமேசான் டாட் காமின் தேடலில் ஒட்டினால் அதே நூல் டாலர் விலையில் வரும். உலக உரிமையோடு போட்டிருந்தால் வாங்கலாம், போன் செயலியிலேயே படிக்கலாம். வரவில்லையென்றால், 'எங்கள் நாட்டில் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி அவருக்குத் தெரிவியுங்கள். நூலைப் பதிவேற்றியபோது விற்பனை நாடுகளில் இந்தியாவை மட்டும் குறித்திருக்கலாம், மாற்றுவது அவருக்கு ஐந்து நிமிட வேலை.

ஊரில் இருக்கும் உறவினர் கிண்டில் அன்லிமிடெட் வைத்திருந்தால், கடைசிப் பக்கம் வரை படிக்கச் சொல்லுங்கள். ஒரு வாசகர் முதல் முறை படிக்கும் பக்கங்களுக்குத்தான் பணம், திரும்பப் படித்தால் இல்லை. படிக்காமல் பக்கத்தை மட்டும் தள்ளிக்கொண்டே போய் 'உதவி' செய்வது மோசடிக் கணக்கில் சேரும். மதிப்புரையிலும் அப்படித்தான். இலவசப் பிரதிக்கோ பரிசுக்கோ பதிலாகப் புகழ்ந்து எழுதச் சொல்வதையும், நெருங்கிய உறவினர் நண்பர் எழுதுவதையும் அமேசான் ஏற்பதில்லை, கண்டால் நீக்கிவிடும். ஒரே நாளில் பன்னிரண்டு ஐந்து நட்சத்திரம் விழுந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். படித்து முடித்தவர் முடித்த அன்று, தன் சொந்த வார்த்தையில் எழுதட்டும். நாலு நட்சத்திரம் போட்டுக் காரணம் சொல்லும் மதிப்புரையைத்தான் புது வாசகர் நம்புவார்.

பிரதிலிபி போன்ற செயலிகளில் நாணயம் வாங்கி ஸ்டிக்கர் அனுப்பலாம், சூப்பர்ஃபேன் சந்தாவும் கட்டலாம். செயலிக் கடையும் தளமும் தங்கள் பங்கை எடுத்தது போக மீதிதான் எழுத்தாளருக்குப் போகும் என்றாலும் அது ஒழுங்கான வழி. நேரடியாகப் பணம் அனுப்ப நினைத்தால் தடுமாறுவீர்கள். அவர் போடும் யூபிஐ குறி நம் ஊர் வங்கிக் கணக்கில் வேலை செய்யாது. இந்தியாவில் உள்ள பேபால் கணக்கு தனிப்பட்ட அன்பளிப்பை ஏற்காது, விற்பனைக்கான தொகையை மட்டும்தான் ஏற்கும். வங்கி வழியாக அனுப்பினால் எதற்காக என்று குறிப்பு எழுத வேண்டும், சிறு தொகைக்குக் கட்டணமே பாதியை விழுங்கும். ஆக, ஆளுக்கு ஒரு நூல் வாங்குவதுதான் எளிது, அவருக்கும் கௌரவம்.

அச்சு நூல் வேண்டுமென்றால் சேர்த்து வாங்குங்கள். 250 பக்கத் தமிழ் நாவல் சுமார் 300 கிராம் இருக்கும். ஆறு நூல் இரண்டு கிலோவுக்குள் அடங்கும். தென்னாப்பிரிக்காவில் அச்சு நூலுக்கு இறக்குமதித் தீர்வை இல்லை, ஆனால் 15 சதவீத வாட் உண்டு. அதையும் தபால் செலவையும் பன்னிரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டாக்வெல் (நம் ஊர்ச் சேமிப்புச் சீட்டு) நடத்திப் பழகிய கைகளுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை: ஒருவர் பணம் வாங்க வேண்டும், இன்னொருவர் கணக்கு எழுத வேண்டும், இருவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

படிக்க வராத ஆறு பேரைப் பற்றி. நம் ஊரில் இது புதுக் கதை அல்ல. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்த முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஐந்தாறு தலைமுறைக்குப் பின், பாட்டும் பூசையும் சமையலும் தமிழில் நிற்கிறது, எழுத்து பல வீடுகளில் நிற்கவில்லை. காதல் நாவல் அந்த எழுத்துக்குத் திரும்பி வர நல்ல வழி. வாக்கியம் சின்னது, பேச்சு அதிகம், 'அடுத்து என்ன' என்ற ஆவல் கையைப் பிடித்து இழுக்கும். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதியில், திரையில் தொட்ட வரியைப் படித்துக் காட்டும் வசதி இருக்கிறது. அதைத் திறந்து பேச்சு மொழியாகத் தமிழை இறக்கிக்கொண்டால், தளத்தில் உள்ள எபியை போன் வாசித்துக்காட்டும். குரல் கொஞ்சம் மரக்கட்டையாக இருக்கும், முதல் வாரம் சிரிப்பு வரும். வேகத்தைக் குறைத்து வைத்து, கேட்டுக்கொண்டே கண்ணால் எழுத்தைத் தொடர்வது படிக்க வராதவருக்கு நல்ல பயிற்சி.

நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்துப் பதிவு செய்து குழுவில் போடலாமா என்றால், கேட்காமல் கூடாது. வாரம் ஒரு நாள் கூடி உட்கார்ந்து வாசிப்பது வேறு, ஒலிப்பதிவாக ஆக்கிச் சுற்றுக்கு விடுவது வேறு. அந்தப் பதிவு பிடிஎஃபைப் போலவே வெளியே போய்விடும். பல எழுத்தாளர்கள் ஒலி உரிமையை யூடியூப் ஆடியோ நாவல் சேனலுக்குத் தனியாகக் கொடுத்திருப்பார்கள், அல்லது தாமே சேனல் நடத்துவார்கள். அப்படி ஒன்று இருந்தால் அதில் கேட்பதே மேல். யூடியூபில் விளம்பர வருமானம் முழுதாகத் தொடங்க 1,000 சந்தாதாரரும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். புதிய சேனலுக்கு அந்த 4,000 மணி நேரம்தான் மலை. பன்னிரண்டு பேரும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து கேட்டால் ஒரு பார்வைதான். அவரவர் வீட்டில், சமையல் நேரத்தில், அவரவர் போனில் கேளுங்கள். ஒலியை அணைத்துவிட்டு இரவெல்லாம் ஓடவிடும் வேலை வேண்டாம், செயற்கைப் பார்வை என்று கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள்.

எல்லோரும் சேர்ந்து பேசுவது பற்றிக் கேட்டீர்கள். ஒரு மாதம் முன்பே இரண்டு தேதி கொடுத்துக் கேளுங்கள். ஞாயிறு மாலை மூன்று மணி நமக்கு, அங்கே ஆறரை. இரண்டு பக்கமும் சமையல் இடிக்காத நேரம் அதுதான். தைப்பூசக் காவடி, மாரியம்மன் கூழ், புரட்டாசிச் சனி இவற்றை முதலிலேயே நாட்காட்டியில் அடித்துவிடுங்கள், பாதிப் பேர் கோயிலில் இருப்பார்கள். வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் 32 பேர் வரை சேரலாம், உங்களுக்கு அதுவே போதும். பக்கத்து ஃபீனிக்ஸ், டொங்காட் வட்டாரக் குழுக்களையும் சேர்த்தால் கூகுள் மீட்டுக்குப் போங்கள். இலவசக் கணக்கில் 100 பேர், 60 நிமிடம். சூமின் இலவச அழைப்பு 40 நிமிடத்தில் அறுந்துவிடும், அவர் முக்கியமான பதிலின் நடுவில் இருக்கும்போதுதான் அது அறுபடும்.

எட்டுக் கேள்விக்கு மேல் வேண்டாம். மூன்று நாள் முன்பே அவருக்கு அனுப்பிவிடுங்கள், விருப்பமில்லாததை அவரே அடித்துவிடட்டும். ஒருவர் நெறியாளர், ஒருவர் தமிழையும் ஆங்கிலத்தையும் இரு பக்கமும் மாற்றிச் சொல்பவர். இந்த இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் தமிழ் சரளமாக வராதவர்கள் ஒரு மணி நேரம் சிரித்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பேசாதவர் எல்லோரும் ஒலியை அணைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் யார் வீட்டுக் குக்கர் விசிலோ கேள்விக்கு நடுவில் வரும். பதிவு செய்வதா என்று முதலிலேயே கேளுங்கள். முகம் காட்ட விரும்பாதவர் குரலால் மட்டும் வரலாம் என்று அழைப்பிலேயே எழுதிவிட்டால், புனைபெயர்க்காரருக்கு மனசு லேசாகும். எதைக் கேட்பது என்று தெரியவில்லையா? 'இது உங்கள் சொந்தக் கதையா?' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள், அதை அவரிடம் எல்லாக் கூட்டத்திலும் கேட்டுவிட்டார்கள். எந்தக் காட்சியைத் திருப்பி எழுதினீர்கள், எந்தப் பாத்திரம் நினைத்தபடி நடக்க மறுத்தது, அச்சுக்குப் போனபோது எதை வெட்டினீர்கள் என்று கேளுங்கள். எழுதுகிறவர் முகம் மலர்வது அங்கேதான்.

நெருக்கம் கூடும்போது வரும் வம்புகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது போலிக் கணக்கு. எழுத்தாளரின் படத்தையும் பெயரையும் வைத்து, பெயரில் ஒரு புள்ளியோ எழுத்தோ மாற்றி, 'மருத்துவச் செலவு, யாரிடமும் சொல்லாதே' என்று தனிச்செய்தி வரும். வாசகிகளோடு பழகும் எழுத்தாளரின் பெயரில்தான் இது நடக்கும், ஏனென்றால் அவர் பேசினால் நம்புவீர்கள் என்று ஏமாற்றுகிறவனுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்ற சொல் வந்த உடனே நிறுத்துங்கள். அவருடைய பழைய, தெரிந்த பக்கத்தில் போய்க் கேளுங்கள், அல்லது குரலழைப்பு கேளுங்கள். ஓடிபி, பரிசு அட்டை எண், வங்கிச் செயலியின் ஸ்கிரீன்ஷாட் எதையும் எந்த எழுத்தாளரும் கேட்க மாட்டார். உண்மையாகவே அவருக்குக் கஷ்டம் வந்து வாசகர்கள் நிதி திரட்டினால், அறிவிப்பு அவருடைய சொந்தப் பக்கத்திலோ பதிப்பகத்தின் பக்கத்திலோ வந்திருக்க வேண்டும். அதுவரை ஒரு ராண்டும் வேண்டாம்.

இரண்டாவது, 'என்னிடம் மட்டும் சொன்னார்'. அவர் ஒரு நாள் மனம் விட்டுப் பேசியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருத்திக்கு அனுப்புவது. கணவர், பிள்ளைகள், உடம்பு, இருக்கும் தெரு. அன்றைக்கே அது ஐந்து குழுவுக்குப் போய்விடும், அதற்குப் பிறகு அவர் யாரிடமும் மனம் விட்டுப் பேச மாட்டார். மூன்றாவது, அவருக்காகச் சண்டை போடுவது. யாரோ 'கதை இழுக்கிறது' என்று எழுதினால் அந்த ஆளைப் பத்துப் பேர் சேர்ந்து கடிப்பது. அடுத்த முறை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், புகழ்ச்சி மட்டும் மிஞ்சும், எழுத்தாளர் எந்த இடத்தில் கதை தொய்ந்தது என்று தெரியாமலே அடுத்ததை எழுதுவார். இதில் அவரை நான் பெரும்பாலும் குறை சொல்ல மாட்டேன், கூட்டம்தான் இதைச் செய்கிறது. ஆனால் எழுத்தாளரே வாசகிகளை ஏவிவிட்டால் அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்துவிடுங்கள், நாவல் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

இடையில் அவர் எழுதுவதை நிறுத்தலாம். மகளின் பரீட்சை, மாமனாரின் ஆபரேஷன், அல்லது வெறும் சோர்வு. 'காத்திருக்கிறோம், அவசரமில்லை' என்று ஒரே ஒரு முறை எழுதிவிட்டு அவருடைய பழைய நாவலைக் குழுவில் எடுத்துப் படியுங்கள். பழைய நூலுக்குப் புது மதிப்புரை விழுவதுதான் அந்த நேரத்தில் அவருக்குச் செய்யக்கூடிய உருப்படியான உதவி.

நம் மண்ணுக்கும் இந்த வகை எழுத்துக்கும் தொடர்பு உண்டு என்பதையும் உங்கள் குழுவில் சொல்லுங்கள். லட்சுமி என்ற பெயரில் எழுதிய மருத்துவர் திரிபுரசுந்தரி, தமிழ்ப் பத்திரிகைத் தொடர்கதைகளால் வீடுதோறும் வாசகிகளைச் சேர்த்தவர், திருமணத்துக்குப் பிறகு நீண்ட காலம் தென்னாப்பிரிக்காவில்தான் வாழ்ந்தார். ஊர் திரும்பிய பின் 1984இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அன்றைய வாசகிக்கு எழுத்தாளரோடு பேச இருந்த வழி, பத்திரிகை முகவரிக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான்.

கடைசியாக, டர்பனுக்கு அழைப்பது. முடியும், ஆனால் ஓராண்டு வேலை அது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு இங்கே வர விசா வேண்டும். அழைப்புக் கடிதம், தங்குமிட விவரம், அழைப்பவரின் அடையாள நகல், அவருடைய வங்கிக் கணக்குத் தாள் எல்லாம் தயாராக வேண்டும். சும்மா வாசகர்களைச் சந்திக்க வருவதும், நுழைவுக் கட்டணம் வைத்து அவருக்கு ஊதியம் கொடுத்து மேடையேற்றுவதும் ஒன்றல்ல. இரண்டாவதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம், விண்ணப்பிக்கும் முன்பே தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். கோவையிலிருந்து டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்துக்கு நேர் விமானம் இல்லை. துபாய், தோஹா வழி வந்தால் பிரச்சினை இல்லை. மலிவாக இருக்கிறதே என்று அடிஸ் அபாபா, நைரோபி வழியாகச் சீட்டுப் போட்டு அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். யார் வீட்டில் தங்குவது என்ற போட்டி கட்டாயம் வரும். விடுதி அறை எடுத்துவிடுங்கள், வீட்டுக்கு ஒரு வேளை சாப்பாடு என்று பிரித்துக்கொள்ளுங்கள், நாளுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு மேல் வைக்காதீர்கள்.